ரோமில் எது மேல்: செனட்டர் பதவியா, புரொக்யுரேட்டர் வேலையா?

ஸ்பெயினின் கோர்டோபா நகரக் குடும்பம் ஒன்றின் மூன்று சகோதரர்கள். மூத்தவர் கல்லியோன், பைபிளில் பவுல் மீதான வழக்கைத் தள்ளிவிட்ட அதே அகாயா (கிரேக்க மாகாணம்) அதிபதி. அடுத்தவர் தத்துவஞானி செனெக்கா. இருவரும் ரோமின் உயர் ஆட்சிமன்றமான செனட் வழியில் போனார்கள். கடைசித் தம்பி மெலா மட்டும் ஈக்வெஸ் எனப்படும் குதிரையர் வகுப்பிலேயே இருந்துகொண்டு, பேரரசரின் நிதி நிர்வாகத்தில் புரொக்யுரேட்டர் பதவிகளை நாடினார். பணம் சேர்க்க அதுதான் குறுக்குவழி என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரி என்றே நான் சொல்வேன்.

கௌரவத்தில் செனட்தான் உசத்தி, அதில் பேச்சே இல்லை. நுழையத் தேவையான சொத்து செனட்டருக்கு 10 லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்), ஈக்வெஸுக்கு 4 லட்சம்.

முடிவு செய்வது வரவு செலவுதான். செனட்டர் ப்ரீட்டர் என்ற உயர் நீதி அதிகாரி ஆனால் விளையாட்டு விழாவுக்குக் கைக்காசு போட வேண்டும். ஆப்பிரிக்கா, ஆசியா மாகாணங்களை ஆளும் பெரிய வாய்ப்பு, மிக உயர்ந்த பதவியான கான்சலாக இருந்து பல ஆண்டு காத்தபின், குலுக்கலில்தான் வரும். புரொக்யுரேட்டருக்கோ ஆண்டுச் சம்பளமே 60,000 செஸ்டர்ஸ். அடுத்த படிகளில் 1 லட்சம், 2 லட்சம். 4 லட்சம் சொத்து 6 சதவீதம் ஈட்டினாலும் 24,000தான். அடிப்படிச் சம்பளமே அதைப்போல் இரண்டரை மடங்கு.

சிக்கல் அங்கே போய்ச் சேருவதில். வழக்கமான பாதை ராணுவம்: சுமார் 500 காலாட்படையினருக்குத் தலைமை, பிறகு லெஜியன் எனும் பெரும்படைப் பிரிவில் ட்ரிப்யூன் என்ற அதிகாரி, பிறகு சுமார் 500 குதிரைப்படையினருக்குத் தலைமை. லெஜியனுக்கு ஐந்து ஈக்வெஸ் ட்ரிப்யூன்கள். குதிரைப்படைத் தலைமைப் பதவிகளோ மொத்தத்தில் ட்ரிப்யூன் பதவிகளைவிடக் குறைவு. பலர் இரண்டாம் படியோடு ஊர் திரும்பினார்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் முதல் படியே கடினம். மேலே போவதும் பேரரசர் மனம் வைத்தால்தான். டொமிட்டியஸ் மார்சியானஸ் என்ற ஈக்வெஸை 2 லட்சம் சம்பளப் பதவிக்கு உயர்த்தி பேரரசர் மார்கஸ் அவுரேலியஸ் எழுதிய கடிதம் துனிசியாவின் புல்லா ரெஜியாவில் கல்லில் கிடைத்திருக்கிறது. நேர்மை, உழைப்பு, அனுபவம் இருக்கும்வரை தன் ஆதரவு தொடரும் என்கிறார். அந்த 'வரை'தான் நிபந்தனை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இப்படிக் கல்லில் பெயர் பொறித்தவர்கள் பெரும்பாலும் ஜெயித்தவர்கள். பாதியில் நின்றவர்களை நமக்கு அவ்வளவாகத் தெரியாது. உயிர்ப் பாதுகாப்பிலும் வித்தியாசம் இல்லை. பேரரசர் நீரோ காலத்தில் செனெக்கா கி.பி. 65இலும் மெலா 66இலும் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஈக்வெஸ் வழியின் உண்மையான குறை, பதவி மகனுக்கு வராது; செனட் அந்தஸ்து வாரிசுக்கு வரும். அதற்கும் வழி இருந்தது. பிரிட்டனை ஆண்ட அக்ரிகோலாவின் இரு தாத்தாக்களும் புரொக்யுரேட்டர்கள். அப்பா செனட்டர். பேரன் அக்ரிகோலா கான்சல்.