ஏர் பெட்: வாங்கலாம், ஆனால் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்

மாமனார் பக்கவாதத்தில் படுத்த பிறகு, படுக்கைப் புண் வராமல் இருக்க வாங்கியது இது. குமிழ் குமிழாக இருக்கும் சாதாரண ஏர் பெட், கூடவே கட்டிலின் கால்மாட்டில் மாட்டுகிற சின்ன மோட்டார், விலை இரண்டாயிரத்துச் சொச்சம். "இதைப் போட்டுட்டா அவரைப் புரட்டவே வேண்டாம் சார்" என்றார் கடைக்காரர். சுத்தப் பொய்.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோலும் சதையும் நசுங்கி, ரத்தம் ஓடாமல் போவதால்தான் படுக்கைப் புண் வருகிறது. இந்த பெட் ஒரு வரிசைக் குமிழில் காற்றை ஏற்றி, அடுத்த வரிசையில் இறக்கி, சில நிமிடத்துக்கொரு தடவை மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரே இடத்தில் பாரம் நிற்காது. அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது. ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்துவிடத்தான் வேண்டும். குதிகாலுக்கு இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் விட்டோம்.

காற்று போதுமா என்பதை மோட்டாரில் உள்ள திருகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் படுத்திருக்கும்போதே பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை விட்டுப் பாருங்கள், எலும்பு கையில் இடித்தால் இன்னும் ஏற்ற வேண்டும்.

குறை என்றால் பிளாஸ்டிக் சூடு. முதுகு வேர்த்து ஊறிப்போகிறது, ஈரத்தில் தோல் இன்னும் சீக்கிரம் உரியும். அதற்காக நாலு மடிப்பு விரிப்பு, மேலே ரப்பர் ஷீட் என்று அடுக்கினால் பெட் போட்டதற்கே அர்த்தமில்லை, ஒரே ஒரு மெல்லிய பருத்தி வேட்டி போதும், சுருக்கமில்லாமல். கரண்ட் போனால் காற்றும் மெல்ல இறங்கிவிடும் என்பதால் கீழே பழைய மெத்தை இருக்கட்டும், முடிந்தால் இன்வெர்ட்டரில் மாட்டிவிடுங்கள். சத்தம் ஃபிரிட்ஜ் அளவுதான், பழகிவிடும்.

அதே கடையில் உட்காரும் இடத்துக்கு ரப்பர் வளையமும் தள்ளப் பார்த்தார்கள், வாங்காதீர்கள், வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையே அடைக்கும். அப்புறம், உடம்பு துடைக்கும்போது வால் எலும்புப் பக்கம் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது. நம் மாநிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. தோல் கிழிந்துவிட்டாலோ, கறுத்து வாடை வந்தாலோ அது பெட்டால் ஆகிற காரியமில்லை, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.