மூங்கில் மாதிரி பூக்கணுமா, அத்தி மாதிரி காய்க்கணுமா: சொந்தமா நாவல் போடுறவங்களுக்கு ஒரு அலசல்

சொந்தமா நாவல் வெளியிடுற யார்கிட்ட பேசினாலும் பேச்சு கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. வெளியீட்டு வாரத்துல கையில இருக்குற மொத்தத்தையும் இறக்கணுமா, இல்ல சத்தமில்லாம வருஷக்கணக்கா வித்துக்கிட்டே இருக்கணுமா? நான் இதுவரைக்கும் மூணு நாவல் போட்டிருக்கேன், ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு வழியில கொண்டு போயிருக்கேன். எழுதாத நேரத்துல செடி கொடிய பாத்துக்கிட்டு இருக்குறதுதான் என் பொழுது, அதனால இதயும் அதுங்கள வச்சே பேசுறேன், விதைய தூரமா கொண்டு சேக்குற பாட்டை நம்மள விட ரொம்ப காலமா பட்டுக்கிட்டு இருக்குறது அதுங்கதானே.

முதல்ல மூங்கில். சில மூங்கில் வகை வாழ்நாள்ல ஒரே ஒரு தடவதான் பூக்கும், மெலோகன்னா பாக்ஸிஃபெராங்குற வகைக்கு அது சுமார் 48 வருஷத்துக்கு ஒரு தடவ. காடு முழுக்க ஒரே சமயத்துல பூத்து, மலை மலையா விதைய கொட்டிட்டு, பூத்த குத்து அப்படியே செத்துப்போயிடும். இதுக்கு ஆராய்ச்சியாளருங்க சொல்ற காரணம் என்னன்னா, எலியும் பறவையும் எவ்வளவு தின்னாலும் தின்னு தீக்க முடியாத அளவுக்கு விதை விழுந்தா மிச்சம் மீதி முளைச்சிடும்ங்குறதுதான். ஆனா இதுல ஒண்ண கவனிக்கணும், காடே சேந்து பூத்தாதான் இந்தக் கணக்கு நிக்கும். ஒத்தைக் குத்து மட்டும் தனியா பூத்துச்சுன்னா மொத்தமும் எலிக்குத்தான்.

என் முதல் நாவல இந்த மாதிரிதான் விட்டேன். அஞ்சு நாள் இலவசம், எல்லா குழுவுலயும் போஸ்ட், தெரிஞ்சவங்க எல்லாருக்கும் மெசேஜ், கூடவே காசு கட்டி விளம்பரம். அந்த வாரம் ரேங்க் ஏறினத பாக்குறப்ப கண்ணே கலங்கிடுச்சு, பொய் சொல்லல. ஆறாவது நாள்ல இருந்து கிராஃப் தரையோட தரையா படுத்துடுச்சு. இலவசமா எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க திறந்தே பாக்கலன்னு அப்புறமா ஒவ்வொருத்தரா சொன்னாங்க. காசு குடுக்காம வந்தத படிக்கணும்னு யாருக்கும் அவசரம் இருக்காது, அது அவங்க தப்பும் இல்ல. பெரிய பதிப்பகம் ஒரே வாரத்துல கடை, பத்திரிகை, விழான்னு எல்லாத்தையும் இறக்கும்போது அது காடு பூக்குறது. நான் பண்ணது ஒத்தைக் குத்து பூத்தது.

அத்தி அப்படியே எதிர்ப்பக்கம். அபூர்வமா நடக்குறத 'அத்தி பூத்த மாதிரி'ன்னு சொல்றோம்ல, உண்மையில அத்தி பூக்காம இல்ல, நாம பழம்னு சொல்றதுக்கு உள்பக்கமாத்தான் நூத்துக்கணக்குல குட்டிக் குட்டிப் பூவா இருக்கு, வெளிய தெரியாது அவ்வளவுதான். அந்தக் குடும்பத்து மரங்க எல்லாம் ஒரே மாசத்துல காய்க்காது, காட்டுல எப்பவும் ஏதோ ஒரு மரத்துல பழம் இருக்கும், அதனால மத்த மரம் எல்லாம் வெறுமையா நிக்குற காலத்துலயும் பறவைங்க அத நம்பி வரும். தின்னுட்டுப் போய் எங்கயோ எச்சம் போடும். எங்க மாடி கைப்பிடிச் சுவர்ல ஒரு விரிசல் இருக்கு, நகம் நுழையுற அளவு கூட இல்ல, அதுல ரெண்டு வருஷமா ஒரு அரசங்கன்று நிக்குது, அரசும் அத்திக் குடும்பம்தான். மண்ணுன்னு பாத்தா ஒரு சிட்டிகை தூசி. வேர் சுவரோட பொருக்கை ஒட்டியே கீழ நாலு விரக்கடை இறங்கி, எங்க ஈரம் கசியுதோ அங்க திரும்பியிருக்கு. எந்தப் பறவை போட்டதுன்னு எனக்குத் தெரியாது, மரத்துக்கும் தெரியாது. வாய்வழியா புத்தகம் பரவுறதும் இதேதான், எந்த வாசகர் யார்கிட்ட சொன்னார்னு நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

வாய்வழின்னா எழுதிட்டு சும்மா உக்காந்திருக்கறதான்னு கேப்பாங்க. இல்லவே இல்ல. தேனீ நல்ல பூவ பாத்துட்டு கூட்டுக்குத் திரும்பினா அடைமேல ஒரு ஆட்டம் ஆடும், அந்த ஆட்டத்தோட கோணம் சூரியன வச்சு திசைய சொல்லும், எவ்வளவு நேரம் உடம்ப ஆட்டுதுங்குறது தூரத்தைச் சொல்லும், இத விளக்கினதுக்குத்தான் கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973ல நோபல் பரிசுல ஒரு பங்கு கிடைச்சுது. எனக்கு இதுல முக்கியமா பட்டது, தேனீ 'நல்லாருக்கு'ன்னு மட்டும் சொல்லல, எங்க இருக்குன்னு சொல்லுது. 'சூப்பர் நாவல், படிங்க'ன்னு ஒரு வாசகர் சொன்னா கேக்குறவர் தலையாட்டிட்டுப் போயிடுவார். 'பேசாம போன அண்ணன் தம்பி ரெண்டு பேரு அப்பாவோட நிலத்தை அளக்க ஒரே வண்டியில போறாங்க, அந்த ஒரு நாள்தான் கதை'ன்னு சொன்னா சரியான ஆள் உடனே தேடுவார். அந்த ஒரு வரிய வாசகர் கையில குடுக்கறது நம்ம வேலை, பின்னட்டைலயும் புத்தகப் பக்கத்தோட அறிமுகத்துலயும் அதுதான் இருக்கணும். என் மூணாவது நாவலுக்கு அந்த வரிய எழுத பதினோரு நாள் ஆச்சு, அந்த நாளுங்க வீண்னு எனக்குத் தோணவே இல்ல.

அப்ப விளம்பரமே வேண்டாமான்னா, அப்படியும் இல்ல, அது கணக்கு சம்பந்தப்பட்டது. ஒரு கிளிக்குக்கு ஒரு பங்கு செலவு, ஒரு பிரதிக்கு எட்டு பங்கு ராயல்டி, பத்து கிளிக்ல ஒருத்தர் வாங்குறார்னு வச்சுக்கோங்க. செலவு பத்து, வரவு எட்டு, ஒத்தை நாவல் வச்சிருக்கறவருக்கு ஒவ்வொரு விற்பனையும் நஷ்டம். இதே மூணு பாகம் இருக்குற தொடர்னா, முதல் பாகம் படிச்சவங்கள்ல பாதிப் பேர் ரெண்டாவதுக்குப் போய், அதுல பாதி மூணாவதுக்கும் போனா எட்டு, நாலு, ரெண்டுன்னு பதினாலு வருது, அதே விளம்பரம் இப்ப லாபம். விளம்பரம் நல்லதா கெட்டதான்னு பொதுவா சண்டை போடுறவங்க இத யோசிக்க மாட்டேங்குறாங்க, உங்ககிட்ட எத்தன புத்தகம் இருக்குங்குறதுதான் பதில்.

விளம்பரத்துல இன்னொரு ஆபத்து அட்டை. ஆர்கிட்ல நிறைய வகை பூச்சிக்குத் தேன் குடுக்காமலே ஏமாத்தி மகரந்தத்தை அனுப்பிக்கும், ஆனா ஒரு தடவ ரெண்டு தடவ ஏமாந்த தேனீ அந்தப் பூவ ஒதுக்க ஆரம்பிச்சுடும். என் ரெண்டாவது நாவல் ஒரு ஆத்தங்கரைக் குடும்பத்தோட நிதானமான கதை, அதுக்கு நான் கேட்டு வாங்கினது இருட்டுல ஒரு உருவம் நிக்குற மாதிரி அட்டை. கிளிக் நல்லாவே விழுந்துச்சு. வாங்கினவங்க கொலை எங்க, துப்பறியறவர் எங்கன்னு தேடிட்டு ஒத்தை ஸ்டார் போட்டாங்க. அவங்க கோபம் நியாயம், நான் அவங்களுக்குக் கடன்பட்டிருக்கேன். அட்டைய மாத்தினதுக்கு அப்புறம் கிளிக் குறைஞ்சுது, ஒத்தை ஸ்டார் நின்னுடுச்சு.

அடுத்தது மின்புத்தகத்த ஒரே கடைல வைக்கறதா, எல்லா கடைலயும் வைக்கறதா. அமேசான்ல சொந்தமா புத்தகம் போடுறவங்களுக்கு கேடிபி செலக்ட்னு ஒரு திட்டம் இருக்கு, அதுல சேந்தா 90 நாளைக்கு மின்பதிப்பு அமேசானோட கிண்டில் கடைல மட்டும்தான் இருக்கணும், நாம நிறுத்தலன்னா தானா புதுப்பிச்சுக்கும், அச்சுப் பிரதிய மட்டும் எங்க வேணா விக்கலாம். பதிலுக்கு வாசகர் சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்ல புத்தகம் போகும், வாசகர் படிக்கிற பக்கத்துக்குக் காசு வரும். 2015 ஜூலைக்கு முன்னாடி பத்து சதவீதம் தாண்டினாலே முழுசா ஒரு தொகை குடுத்தாங்க, அப்ப சின்னச் சின்ன புத்தகமா போட்டவங்களுக்கு வசதியா இருந்துச்சு, இப்ப பெரிய நாவல கடைசிவரைக்கும் படிக்க வைக்கிறவங்களுக்கு நல்லது. ஒரு பக்கத்துக்கு எவ்வளவுங்குறது மட்டும் மாசா மாசம் மாறும்.

இங்க மறுபடி அத்திகிட்டயே வர்றேன். பெரும்பாலான அத்தி வகைக்கு அதுக்குன்னே ஒரு குட்டிக் குளவி உண்டு, வேற பூச்சி உள்ள போய் மகரந்தம் சேக்காது. உறவு நெருக்கமானதுதான், ஆனா அந்தக் குளவி இல்லாத நாட்டுல கொண்டு போய் நட்டா மரம் வளரும், முளைக்கிற விதை மட்டும் கிடைக்காது. ஒரே கடைய நம்புறது இதுதான், கணக்கு முடங்கினாலோ விதி மாறினாலோ அன்னைக்கே வரவு நிக்கும். கோபோ, ஆப்பிள் புக்ஸ், கூகுள் பிளேன்னு பரப்பினா மொதல்ல விற்பனை சொட்டுச் சொட்டாத்தான் வரும், ஒவ்வொரு எடத்துலயும் வாசகர் நம்மள கண்டுபிடிக்க மாசக்கணக்கு ஆகும், டிராஃப்ட்2டிஜிட்டல் மாதிரி ஒரு எடத்துல ஏத்தி பல கடைக்கு அனுப்புற வசதி இருக்குறதால வேலை மட்டும் அவ்வளவா இல்ல.

முதல் நாவல் போடுறவங்க ஒண்ணு ரெண்டு 90 நாள் ஒரே கடைல இருந்து, யாரு படிக்கிறா, எத்தன பக்கம் போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் வெளிய வரலாம்ங்குறது என் கருத்து. விளம்பரத்த மூணாவது புத்தகம் வர்ற வரைக்கும் தொடாதீங்க. அந்தக் காசுல நல்ல எடிட்டர வைங்க.

என் மூணாவது நாவலுக்கு வெளியீட்டு வாரம்னு ஒண்ணே கிடையாது. முன்னாடி ரெண்டையும் படிச்சவங்கள்ல எனக்கு எழுதின இருபத்தி மூணு பேருக்கு மட்டும் தனித்தனியா கடிதம் எழுதி, அந்த ஒரு வரியும் சேத்து அனுப்பினேன். முதல் மாசம் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. எட்டாவது மாசம் நான் கேள்விப்படாத ஒரு வாசிப்பு வட்டத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, அண்ணன் தம்பி ஒரே வண்டியில போற கதைன்னு யாரோ சொன்னாங்களாம், யார்னு அவங்களுக்கு ஞாபகம் இல்ல.