இலை மஞ்சளானால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்: தொட்டிச் செடிகளோடு நான்கு வருடம்

செம்பருத்தியிலிருந்தே தொடங்குகிறேன். என்னை அதிகம் அலைக்கழித்த செடி அதுதான். தொட்டியில் வைத்த முதல் ஆறு மாதம் இலையெல்லாம் கரும்பச்சை, நாள் தவறாமல் பூ. அப்புறம் கொழுந்து இலைகள் வெளிற ஆரம்பித்தன. நரம்புகள் மட்டும் பச்சை, அவற்றுக்கு இடையே எல்லாம் மஞ்சள். பார்த்தவர்கள் எல்லோரும் சத்துக் குறைபாடு, உரம் போடு என்றார்கள். போட்டேன். மண்புழு உரம், எப்சம் உப்பு, நுண்ணூட்டக் கலவை என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் நம்பிக்கை, பிறகு பழையபடி மஞ்சள். கடைசியில் வந்த கொழுந்துகள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே விரிந்தன.

நான் செய்த முதல் தவறு, மஞ்சள் என்பதை மட்டும் பார்த்து, அது செடியின் எந்தப் பகுதியில் தொடங்கியது என்பதைக் கவனிக்காதது. தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றைக் கிழட்டு இலைகளிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைகள்தான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. எனவே இரும்பு போதாவிட்டால் புது இலையில்தான் தெரியும். கொழுந்தில் மஞ்சளைப் பார்த்துவிட்டு நான் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதை.

சரி, இரும்புதான் குறைகிறது என்றால், நுண்ணூட்டக் கலவையில் இரும்பு இருந்ததே? தொட்டியில் இரும்புக்குப் பஞ்சமில்லை, வேரால் அதை எடுக்க முடியவில்லை என்பது அடியில் வடியும் நீரை அளந்த அன்றுதான் புரிந்தது. வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, தொட்டியை ஒரு தட்டின்மேல் தூக்கி வைத்து, மேலே கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால், வேர்ப்பகுதியில் இருந்த நீர் கீழே தள்ளப்பட்டு வரும். முதலில் வடியும் 50 மில்லி போதும். என் செம்பருத்தியில் அதன் பிஹெச் (அமில-கார அளவு: 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்) 7.9. புதிதாகக் கலந்தபோது அதே மண் கலவை 6.3 காட்டியிருந்தது. பிஹெச் 7-க்கு மேல் போகப் போக இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் எல்லாம் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். பூட்டிய பெட்டிக்குள் இன்னும் இன்னும் சாமான் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பூட்டு போட்டது தண்ணீர். இதை நம்பவே எனக்குச் சில வாரம் பிடித்தது, ஏனென்றால் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் பிஹெச் வெறும் 7.4. பார்த்தால் சாதுவான எண். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். தண்ணீரின் பிஹெச் வேறு, அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவு வேறு. முன்னது இந்த நேரத்து நிலை. பின்னதுதான் மண்ணின் அமிலத்தை நாள்தோறும் தின்று தீர்ப்பது. அதைக் காரத்தன்மை என்கிறார்கள், கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அது தனியாகத் தெரியாது. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டுப் பரிசோதனைக் குப்பியில் தெரியும். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய லிட்டருக்கு 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். என் தண்ணீர் நிறம் மாற 14 சொட்டு ஆனது, அதாவது சுமார் 250.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் கால் கிராம் சுண்ணாம்பு. வருடத்துக்குச் சுமார் 90 கிராம். கொஞ்சம் அடியில் வடிந்து போகட்டும், மீதி உள்ளேதானே? தெரிந்தே யாரும் செம்பருத்தித் தொட்டியில் ஒரு கைப்பிடி சுண்ணாம்பைக் கொட்ட மாட்டோம். நான் சொட்டுச் சொட்டாகக் கொட்டியிருக்கிறேன்.

இரண்டாம் வருடம் வெறியோடு எதிர்த்திசைக்குப் போனேன். எல்லாச் செடிக்கும் ஆர்ஓ தண்ணீர், எலுமிச்சை தவிர மற்றவற்றுக்கு மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள். செம்பருத்தி இரண்டே மாதத்தில் தெளிந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் தக்காளி கவிழ்ந்தது. காய்களின் பூ முனைப் பக்கம் கறுத்து, தோல்போல் அழுந்தி அழுகியது. அடி இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள். கடின நீர் ஊற்றிய முதல் வருடத்தில் ஒரு காய்கூட அப்படி ஆனதில்லை.

நார்த்தூளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது: அது வெறும் பஞ்சு அல்ல. இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதன் பரப்பில் ஒட்டியிருக்கும். கால்சியமும் மக்னீசியமும் வந்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டு இவற்றை விட்டுவிடும். ஆக, செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தை ஊடகமே முதலில் எடுத்துக்கொள்கிறது. ஆர்ஓ தண்ணீரிலோ கொடுப்பதற்குக் கால்சியமே கிடையாது. இரண்டும் சேர்ந்தால் தக்காளி என்ன செய்யும்? நீர் விடுவதில் ஒழுங்கு தப்பினாலும் இந்த அழுகல் வரும் என்பதால், என்மேலேயே சந்தேகப்பட்டு நான்கு தொட்டிகளைப் பிரித்தேன். ஒரே நேரம், ஒரே அளவு. இரண்டுக்கு ஆர்ஓ, இரண்டுக்குக் கிணற்று நீர். கிணற்று நீர் குடித்த இரண்டிலும் அடுத்து வந்த காய்கள் நன்றாகவே இருந்தன. நான்கு தொட்டியை வைத்துச் சட்டம் எழுத முடியாது, ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு நார்த்தூளைக் கழுவுவதோடு விடுவதில்லை. கழுவினால் தளர்வாக இருக்கும் உப்புதான் போகும், ஒட்டியிருப்பது போகாது. கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, திரும்பக் கழுவியே கலக்கிறேன். ஒரு முறை நேரம் மிச்சம் பிடிக்க எப்சம் உப்பையும் அதே வாளியில் கெட்டியாகக் கலந்தேன். பால்போல் வெளுத்து அடியில் ஜிப்சம் படிந்துவிட்டது. இரண்டையும் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

மண் கலவையில் செய்த கூத்து தனி. நார்த்தூளில் சலிப்புற்று, ஒரு ரோஜாவையும் இரண்டு மிளகாயையும் தோட்டத்துக் களிப்பான மண்ணில் வைத்தேன். களிமண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தண்ணீர் என்ன சேட்டை செய்தாலும் பிஹெச் சட்டென்று ஏறாது, தாங்கிப் பிடிக்கும். நார்த்தூளில் சில மாதத்தில் தெரிந்த மாற்றம் இதில் வெகு நாள் தெரியவில்லை. ஆனால் தொட்டிக்குள் அந்த மண் இறுகிக் கல்லாகிவிட்டது. மேலே தண்ணீர் தேங்கியது, வேருக்குக் காற்று போகவில்லை. ரோஜாவின் கொழுந்தில் மீண்டும் அதே பச்சை நரம்பு மஞ்சள். வடிநீரின் பிஹெச் 6.7 தான். இந்தத் தடவை குற்றவாளி சுண்ணாம்பு அல்ல, மூச்சு முட்டிய வேர். வேர் நலமாக இல்லாவிட்டால் கரைந்து நிற்கும் இரும்பைக்கூட அதனால் எடுக்க முடியாது. பருமணலும் பெர்லைட்டும் (மண்ணைப் பொலபொலப்பாக்கும் லேசான வெள்ளைத் துகள்) சேர்த்து மாற்றி நட்டதும் உரம் எதுவும் இல்லாமலே தேறியது. தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் வடிகால் சரியாகும் என்ற நம்பிக்கையும் அந்த வருடத்தோடு போயிற்று. நுண்மையான மண்ணிலிருந்து கல் இடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. ஈரமான அடுக்கு அப்படியே வேருக்குக் கிட்டே உயர்ந்து வருவதுதான் மிச்சம்.

இப்போது பழகியிருக்கும் முறை கஞ்சத்தனமானது, ஆனால் வேலை செய்கிறது. பாதி கிணற்று நீர், பாதி ஆர்ஓ. காரத்தன்மை 125 பக்கம் வந்துவிடும், கால்சியமும் மக்னீசியமும் ஓசியில் கிடைக்கும். மழைக்காலத்தில் ஆர்ஓவுக்குப் பதில் மழைநீர். சிட்ரிக் அமிலம் கலந்து பிஹெச் இறக்கியும் பார்த்தேன். முதல் வாரங்களில் அருமையாக இருந்தது. ஆனால் மண்ணின் நுண்ணுயிர்கள் சிட்ரிக் அமிலத்தைத் தின்றுவிடுவதால் பலன் நிலைக்கவில்லை. அம்மோனியம் சல்பேட் சிறிதளவு கொடுப்பதே மேல், தழைச்சத்தும் ஆயிற்று, மண்ணும் மெல்ல அமிலமாகும். மாதம் ஒரு முறை வடிநீர் தாராளமாக ஓடும்படி ஊற்றிக் கழுவிவிடுகிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் கண்டால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்ப்பேன். நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காமல் நீரில் கரைந்தால் பெரும்பாலும் உர உப்பு. கடின நீரை மென்னீராக்கும் வீட்டு இயந்திரத்தின் தண்ணீரைச் செடிக்கு விடுவதே இல்லை. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது, பைகார்பனேட்டை அப்படியே விட்டுவிடுகிறது. ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரும் வேண்டாம், கிணற்று நீரைவிடக் கெட்டியானது அது.

இரும்பு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் 'செலேட்' (chelate, அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் ஒரு சேர்மத்தோடு இணைத்தது) என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள், எதோடு இணைத்தது என்று பாருங்கள். ஈடிடிஏ (EDTA) வகை பிஹெச் 6.5-ஐத் தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும். ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகை 9 வரை பிடித்துக்கொள்ளும். கரைத்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். முதல் வருடம் நான் வாங்கிக் கொட்டிய இரண்டு பாக்கெட்டும் ஈடிடிஏ.

இன்னும் தீராதது எலுமிச்சை. அதே தண்ணீர், பக்கத்துத் தொட்டி. ஆனால் பழைய சுண்ணாம்பு ஏறிய மண்ணிலேயே மூன்று வருடமாக இருக்கிறது, வேரைக் கலைக்கப் பயந்து மாற்றி நடாமல் விட்டிருக்கிறேன். கந்தகத்தூள் போட்டிருக்கிறேன், அதை நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும். போன வாரம் வடிநீர் 7.5 காட்டியது, ஆறு மாதம் முன்பு 7.8. புதுத் துளிரில் மூன்று இலை பச்சையாக வந்திருக்கிறது, நான்காவது இன்னும் மஞ்சள்தான்.