மஞ்சள் பூவா, வெள்ளைப் பூவா: மூன்று ஸ்ட்ராபெர்ரியில் எதை நடலாம்?

குன்னூர் வீட்டு முன்னால் புல்லுக்குப் பதிலாக, தரையோடு படர்ந்து வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிற செடி வேண்டும் என்று கேட்டுப் போனேன். "ஸ்ட்ராபெர்ரிங்க, பழமும் கிடைக்கும்" என்று நர்சரியில் ஆறு நாற்று கொடுத்தார்கள். பூ மஞ்சளாகப் பூத்தபோதே உறைத்திருக்க வேண்டும். பழம் சிவப்பாக, உருண்டையாக, தலை நிமிர்ந்து நின்றது. வாயில் போட்டால் தண்ணீரில் ஊறிய பஞ்சு.

அது பொட்டென்டில்லா இண்டிகா, அதாவது போலி ஸ்ட்ராபெர்ரி. ரோஜாக் குடும்பம்தான், ஆனால் நிஜ ஸ்ட்ராபெர்ரிக்குப் பூ வெள்ளை, பழம் கனத்தில் தொங்கும். 1807-ல் இதை முதலில் விவரித்த ஆண்ட்ரூஸே ஸ்ட்ராபெர்ரி இனத்தில்தான் சேர்த்தார், அதனால் நான் ஏமாந்ததில் பெரிய வெட்கம் இல்லை. அப்புறம் இதற்கு டுஷெனியா என்றும் பெயர் வைத்தார்கள். டுஷேன் யாரென்றால், கடையில் விற்கிற பெரிய பழம் இரண்டு அமெரிக்க ஸ்ட்ராபெர்ரிகளின் கலப்பு என்று 1766-லேயே சொன்ன பிரெஞ்சுக்காரர். நிஜப் பழத்தை ஆராய்ந்தவர் பெயர் போலிக்குப் போய்விட்டது!

சரி, தரை மூடத்தான் செடி வேண்டும் என்றால் என் ஓட்டு போலிக்கே. மர நிழலிலும் வளர்கிறது, படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விட்டு ஒரே வருஷத்தில் இடைவெளியை மூடிவிடுகிறது. அதே குணம்தான் தொல்லையும்: பக்கத்துக் காய்கறிப் பாத்திக்குள் நுழைந்தால் பிடுங்கி மாளாது, ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் திரும்ப வரும்.

கடை ஸ்ட்ராபெர்ரி நேர் எதிர். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, பழம் மண்ணில் பட்டால் அழுகும் என்பதால் வைக்கோல் பரப்ப வேண்டும், இரண்டு மூன்று வருஷத்தில் காய்ப்பு குறைந்து புது நாற்று வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் தரையைச் சரியாக மூடாது. தின்பதற்கு மட்டும் வளருங்கள், அதுவும் தொட்டியில்.

மூன்றாவது நம்ம நீலகிரி பெயரையே தாங்கியது: ஃபிராகாரியா நில்கெரென்சிஸ். தடித்த, ரோமம் படர்ந்த இலை, வெள்ளைப் பூ, வெளிறிய சின்னப் பழம். மணத்தில் மற்ற இரண்டும் கிட்டக்கூட வராது. இதற்கு குரோமோசோம் 14, கடைப் பழத்துக்கு 56, அதனால் சாதாரணமாகக் கலக்காது. ஆனாலும் ஜப்பானியர்கள் மெனக்கெட்டு இரண்டையும் சேர்த்து, பீச் பழ வாசனை வீசும் 'டோகுன்' என்ற ரகத்தை உண்டாக்கிவிட்டார்கள். இங்கே நாற்றாக விற்று நான் பார்த்ததில்லை. காட்டில் போய்ப் பிடுங்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

இப்போது கடை ரகம் வெயில் படும் திண்ணையில் நாலு தொட்டியில் இருக்கிறது. மஞ்சள் பூக்காரி பேரிக்காய் மரத்தடி முழுவதையும் எடுத்துக்கொண்டாள். விருந்தாளி யாராவது சிவப்பைப் பார்த்து ஆசையாகக் குனிந்தால் நான் தடுப்பதில்லை, விஷமில்லையே.