அறுபதைக் கடந்தபின் ஐரோப்பா: குழுப் பேருந்தா, நதிக் கப்பலா, ரயிலில் மூன்று நகரங்களா?

எனக்கு 67 வயது, மனைவிக்கு 63. இருவரும் தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்கள். ஆனாலும் அவருடைய வலது முழங்கால் அவ்வப்போது முரண்டு பிடிக்கும். சென்ற செப்டம்பரில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய மூன்று நகரங்களுக்கு நாங்களே திட்டமிட்டு, இடையில் ரயிலில் பயணித்து, 15 இரவுகள் தங்கித் திரும்பினோம். அதற்குமுன் 2018இல் ஒரு நிறுவனத்தின் குழுச் சுற்றுலாவில் பாரிஸ் தொடங்கி ரோம் வரை போயிருக்கிறோம். நதிக் கப்பலில் நான் போனதில்லை. ஜெர்மனியின் பாசாவிலிருந்து புடாபெஸ்ட் வரை டான்யூபில் ஏழு இரவுகள் சென்றுவந்த என் மைத்துனி சொன்னதை வைத்தே அதைப் பற்றி எழுதுகிறேன். மூன்றில் என் மனம் ரயிலின் பக்கமே சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழுச் சுற்றுலாவின் வசதிகள் எல்லோரும் அறிந்தவைதாம். விசாத் தாள்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், இரவில் சோறும் பருப்பும் கிடைக்கும், பெட்டி பேருந்தின் வயிற்றுக்குள் போய்விடும். நதிக் கப்பலில் இன்னும் சுகம்: ஏறும்போது ஒருமுறை பெட்டியைத் திறந்து, இறங்கும்போது மூடினால் போதும், அறையே ஊர் ஊராக நகர்ந்து வருகிறது. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் கப்பல் கரையில் நிற்கும் நேரத்தை நாம் தீர்மானிக்க முடியாது. 2022 கோடையில் டான்யூபில் நீர் வற்றியபோதும், 2024 செப்டம்பரில் வெள்ளம் வந்தபோதும் கப்பல் பயணங்கள் தடுமாறின. என் மைத்துனிக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ஆனால் வழியில் ஆஸ்திரியாவின் மெல்க் மடாலயத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கலாமே என்ற குறை அவருக்கு இன்றும் உண்டு.

என்னைப் பொறுத்தவரை இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் ஒன்றுதான்: பயணத்தில் எத்தனை முறை பெட்டி கட்ட வேண்டும்? பணத்தையோ கிலோமீட்டரையோவிட இதை எண்ணுவதே எங்கள் வயதில் பயன்படுகிறது. முதல் சுற்றுலாவில் 13 இரவுகளுக்கு ஒன்பது ஹோட்டல்கள். பெட்டியைத் தூக்கும் வேலை எங்களுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் ஐந்தரை மணிக்கு எழுந்து, குளித்து, ஈரத்துண்டைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, மாத்திரை டப்பாவும் மூக்குக் கண்ணாடியும் கைப்பையில்தான் இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்து, ஏழரைக்குப் பேருந்தில் உட்கார வேண்டியிருந்தது. ஹோட்டல்கள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே இருந்ததால் மாலையில் காலாற நடந்துவரவும் வழியில்லை. ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அந்த நல்ல சட்டம் ஓட்டுநருக்கு, பயணிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ரோமில் கொலோசியத்தை வெளியே நின்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி.

இந்த முறை பிராக்கில் ஐந்து, வியன்னாவில் ஆறு, புடாபெஸ்ட்டில் நான்கு இரவுகள் என்று வைத்தோம்; இடையில் பெட்டி கட்டிய நாள்கள் இரண்டே. பிராக்கிலிருந்து வியன்னாவுக்குச் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். பிராக்கில் இறங்கி புடாபெஸ்ட்டிலிருந்து விமானம் ஏறும்படி டிக்கெட் எடுத்ததால் போன வழியே திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஊர் மாறும் நாள் எவ்வளவு குறுகிய பயணமாக இருந்தாலும் பாதி நாளை விழுங்கிவிடும் என்று கணக்கு வையுங்கள்: பத்து மணிக்கு அறையைக் காலி செய்தால் அடுத்த அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். நான்காவதாக சால்ஸ்பர்க்கையும் சேர்க்கச் சொல்லி மகன் வற்புறுத்தினான்; அதைத் தவிர்த்துவிட்டு, வியன்னாவிலிருந்து கைப்பையோடு மெல்க்குக்கு ஒரு நாளும் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் பிராத்திஸ்லாவாவுக்கு ஒரு நாளும் போய் இரவே திரும்பினோம். பெட்டி இல்லாத பயணம் எவ்வளவு தொலைவானாலும் களைப்பதில்லை. ஊர் மாறும் இரண்டே ரயில் பயணங்களுக்கு, பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் தேவையில்லை. முன்கூட்டியே வாங்கினால் தனி டிக்கெட் மலிவு, இருக்கை முன்பதிவையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள்.

மூன்று நகரங்களும் காலுக்கு ஒரே மாதிரி அல்ல. வியன்னாவின் தாழ்தளப் பெட்டிகள் கொண்ட டிராமில் ஏற சுமார் 20 சென்டிமீட்டர் கால் தூக்கினால் போதும். மனைவி அங்கே ஒருநாளும் என் தோளைப் பிடிக்கவில்லை. பிராக்கில் மெட்ரோவின் நகரும் படிகள் நீளம், வேகமும் அதிகம். நாமெஸ்தி மீரு நிலையத்தில் இருப்பது 87 மீட்டர். கோட்டைக்கு 22ஆம் எண் டிராமில் ஏறிப்போய் இறக்கத்தில் நடந்து வாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மூட்டுவலிக்காரர்கள் அதைக் கேட்க வேண்டாம். ஏறுவதைவிடக் கருங்கல் பாவிய சரிவில் இறங்குவதே முழங்காலுக்குப் பகை. நாங்கள் இறங்கியதும் அதே 22இல்தான்.

மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் விசாதான்; அதை எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். எங்களுக்கு அது ஆஸ்திரியா. கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அந்தக் காப்பீடு எந்த அளவு கைகொடுக்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல, நல்லவேளையாக, எனக்கு வாய்ப்பு வரவில்லை. பாலிசியின் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டே வாங்குங்கள். ரசப்பொடியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது, பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச்செல்ல அனுமதி இல்லை.

எங்கள் திட்டத்திலும் ஓட்டை இருந்தது. பிராக்கில் லிப்ட் உண்டு என்று உறுதி சொல்லப்பட்ட விடுதியில் லிப்ட் இருக்கத்தான் செய்தது. அது புறப்படும் இடத்துக்குப் போகவே ஏழு படி ஏற வேண்டியிருந்தது, எங்கள் இரண்டு பெட்டிகளும் ஒருசேர அதற்குள் நுழையவுமில்லை. ஆகவே புடாபெஸ்ட் வீட்டுக்காரருக்கு அன்றிரவே எழுதும்போது லிப்டைப் பற்றிக் கேட்கவில்லை. தெருவிலிருந்து அறைக் கதவு வரை மொத்தம் எத்தனை படி என்று மட்டும் கேட்டேன். மூன்று என்று பதில் வந்தது. போய் எண்ணினேன்; மூன்றுதான்.