இணையக் கோளாறைத் தேட ஒரு மத்திய அலை வானொலி

பாட்டுக் கேட்பதற்காக நான் இந்த வானொலியை வாங்கவில்லை. தொலைபேசியின் செப்புக் கம்பி வழியே எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்பு, ஏறத்தாழ நான்கு மாதங்களாக, நினைத்தபோது அறுவதும் சில நிமிடங்களில் தானே ஒட்டிக்கொள்வதுமாக இருந்தது. அதற்குக் காரணமான மின் இரைச்சலைத் தேடுவதற்கென்றே, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், குமிழைத் திருகி நிலையம் பிடிக்கும் பழைய பாணிக் கைவானொலி ஒன்றை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் வாங்கினேன். அந்த வேலைக்கு அது எவ்வளவு உதவியது, எந்த இடத்தில் என்னை ஏமாற்றியது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

சேவை நிறுவனத்தின் லைன்மேன் மூன்று முறை வந்தார். பொறுமையான மனிதர், கம்பத்திலிருந்து இறங்கும் கம்பியை மாற்றினார், பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாற்றினார், மூன்றாம் முறை மோடத்தையே மாற்றிக் கொடுத்தார். ஆனால் அவர் வந்ததெல்லாம் முற்பகல் 11 மணிவாக்கில். அந்த நேரத்தில் எங்கள் இணைப்பு ஒருநாளும் அறுந்ததில்லை. விட்டு விட்டு வரும் கோளாறில் உள்ள சங்கடமே இதுதான்: பார்க்க ஆள் வரும்போது அது இருப்பதில்லை.

இதற்கு வானொலி எப்படி உதவும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஏ.டி.எஸ்.எல். 2+ இணைப்பு ஏறத்தாழ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளை 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சின்னச் சின்னத் தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தாங்குமளவுக்குத் தரவை ஏற்றி அனுப்புகிறது. நம் மத்திய அலை வானொலியின் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பரப்பு முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே, தொலைபேசிக் கம்பியைத் தொந்தரவு செய்யும் மின்கருவி பெரும்பாலும் வானொலியிலும் இரையும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு துடிப்பு எழுவதால், பழுதான அடாப்டர் நொடிக்கு 100 துடிப்புகளாக, வண்டு ரீங்கரிப்பதைப் போன்ற தடித்த ஒலியை எழுப்பும். மின்னலால் எழும் பொரிச்சலையும் இந்த ரீங்காரத்தையும் காது இரண்டாம் நாளிலேயே பிரித்தறியப் பழகிவிடுகிறது.

இங்கிலாந்தில் இந்த வேலைக்கு வானொலியை 612 கிலோஹெர்ட்ஸில் வைக்கச் சொல்வது வழக்கம். அதை அப்படியே பின்பற்றியதில், மாலை ஆனதும் பெங்களூரு வானொலியின் கன்னடம் கணீரென்று கேட்டது; இங்கே அது அந்த நிலையத்துக்குரிய எண். எனவே நிலையமில்லாத ஓர் இடத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும். திருச்சி நிலையத்தின் 936க்குச் சற்றுத் தள்ளி எனக்கு ஓர் அமைதியான இடம் கிடைத்தது. வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் இதையொட்டியதே: எண் திரையுடன் வரும் புதிய வானொலிகளில் பல, நிலையம் இல்லாத இடத்தில் ஒலியைத் தாமாகவே தாழ்த்திவிடுகின்றன. பாட்டுக் கேட்பவருக்கு அது வசதி. இரைச்சலைக் கேட்க விரும்புபவருக்குப் பெருந்தடை.

வானொலி என்னை ஏமாற்றியது முதல் மாலையிலேயே. அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றியபோது, கூடத்தின் மின்விசிறி ரெகுலேட்டர், மாடிப்படியின் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், கைப்பேசி சார்ஜர் என்று எதன் அருகே போனாலும் அது இரைந்தது. சுவிட்ச் போர்டுகள் எல்லாமே இரைந்தன. ஏனென்றால் ஓரிடத்தில் பிறக்கும் இரைச்சல் சுவருக்குள் ஓடும் மின்கம்பிகள் வழியே வீடெங்கும் பரவிவிடுகிறது. இன்வெர்ட்டர்தான் குற்றவாளி என்று முடிவுசெய்து, அதை நிறுத்தி ஒரு வாரம் மின்வெட்டில் வியர்த்துக் கிடந்தோம். இணைப்பு முன்போலவே அறுந்தது.

அதன்பிறகே மோடத்தின் நிலவரப் பக்கத்தை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். உலாவியில் மோடத்தின் முகவரியைத் தட்டினால் (எங்களுடையது 192.168.1.1) எஸ்.என்.ஆர். மார்ஜின், சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை ஆகிய இரண்டும் கிடைக்கும். முதலாவது, இணைப்பு நிலைக்கத் தேவையானதைவிட எத்தனை டெசிபெல் கூடுதலாக நம் குறிகை இரைச்சலுக்கு மேல் நிற்கிறது என்பது. இரண்டாவது, உடைந்து வந்து சேர்ந்த தரவுத் துண்டுகளின் கணக்கு. எங்கள் இணைப்பில் மார்ஜின் வழக்கமாக 11 டெசிபெல். ஐந்து நாள்கள், கால்மணிக்கு ஒருமுறை இவ்விரண்டையும் நோட்டில் குறித்து வந்ததில், காலை ஏழரையை ஒட்டியும் இரவு எட்டரையை ஒட்டியும் மார்ஜின் 2 அல்லது 3க்கு விழுந்து, அரைமணி நேரம் அங்கேயே கிடந்து மீள்வது தெரிந்தது. அது சமையல் நேரம், சாப்பாட்டு நேரம். மிக்ஸி அரைமணி நேரம் ஓடாது. குளிர்பதனப் பெட்டி நாள் முழுவதும் ஓடும். எஞ்சியது அடுப்படிச் சுவரில் தொங்கிய ஆர்.ஓ. குடிநீர்க் கருவி.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, வானொலியை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து குடிநீரைக் குடத்தில் பிடிக்கத் தொடங்கினேன். “இந்நேரத்தில் யாருக்குப்பா இவ்வளவு தண்ணீர்?” என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் தொட்டியின் மட்டம் இறங்கிப் பம்பு ஓடத் தொடங்கியது, அதே கணத்தில் வானொலியில் அந்த ரீங்காரம் எழுந்தது. ஓடிப்போய் மோடத்தைப் பார்த்தால் மார்ஜின் 3. கருவியின் பிளக்கைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றது, மார்ஜின் ஏறியது. மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் 24 வோல்ட் அடாப்டரே மூலம். எலெக்ட்ரீஷியன் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளீட்டு மின்தேக்கி உப்பிக் கிடந்தது. ஆனால் குற்றம் அதனுடையது மட்டுமன்று. தொலைபேசிக் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுவதே, வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி மறுமுனையில் கழிந்துபோவதற்காகத்தான். எங்கள் வீட்டுக்குள்ளோ, முன்பு யாரோ முறுக்கில்லாத தட்டைக் கம்பியை, அதே அடுப்படிச் சுவரில், மின்கம்பியின் கிளிப்புக்குள்ளேயே திணித்துப் பன்னிரண்டு அடி கொண்டுபோயிருந்தார். அடாப்டரோடு அந்தக் கம்பியையும் மாற்றி, லேன் கேபிளின் ஒரு முறுக்கு ஜோடியை வேறு சுவர் வழியே இழுத்தோம். இரண்டுக்குமான செலவு வானொலியின் விலையைவிடச் சற்றே அதிகம். அதற்குப்பின் மார்ஜின் 10க்குக் கீழே இறங்கவில்லை.

கோளாறு நம் வீட்டுக்குள் இருந்ததால் இது எளிதாக முடிந்தது. வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் என்ற சிற்றூரில் நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதற்கும் இணைய வேகம் சரிந்ததும், கம்பிகளை எல்லாம் மாற்றியும் தீராமல், 18 மாதங்களுக்குப் பின் அங்கே தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் பொறியாளர்கள் அலைமாலை அளவிடும் கருவியுடன் விடியற்காலை மழையில் நடந்து, ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டறிந்ததும் 2020 செப்டம்பரில் செய்தியாக வந்தன. பக்கத்து வீட்டு இரைச்சலாக இருந்தால் வானொலி திசையைச் சொல்லும். அதற்குள் ஏரியலாகக் கிடக்கும் ஃபெரைட் தண்டின் முனை இரைச்சலின் மூலத்தை நோக்கும்போது ஒலி குறையும். திறந்த வெளியில் இது நன்றாக வேலை செய்கிறது. அறைக்குள், மின்கம்பிகளுக்கு நடுவே, கிட்டத்தட்ட பயனில்லை. இன்னொரு குறை, உள்ளே இருக்கும் தானியங்கி ஒலிச்சீர்மை: மூலத்தை நெருங்கினாலும் சத்தம் அதற்கேற்பக் கூடாமல் ஒரேயளவில் நிற்பதால், நெருங்குகிறோமா விலகுகிறோமா என்பது கடைசி மூன்றடியில்தான் தெரிகிறது.

வானொலியைப் பொறுத்தவரை, பேட்டரி மூடியின் கொக்கி இரண்டாம் வாரமே உடைந்துவிட்டது. இப்போது ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். காதொலிப்பான் துளை தளர்வாக இருக்கிறது. ஆயினும் செப்புக் கம்பி இணைப்பில் இன்னும் இருப்பவர்கள் இப்படி ஒன்றைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் முதலில் ஐந்து நாள்கள் மோடத்தின் கணக்கை நோட்டில் எழுதுங்கள், கடைக்கு அதன்பிறகு போங்கள். கண்ணாடி இழை இணைப்பில் இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. ஒளியில் செல்லும் தரவை அடாப்டரின் இரைச்சல் தொடுவதில்லை.