மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா? பக்கவாதத்துக்குப் பின் முதல் சில வாரங்கள்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவது சிரமம். வாய்வழியாகக் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். கொடுக்காமல் விட்டால் வார்டில் படுத்தபடியே உடம்பு கரையும். அம்மாவுக்கு அந்த நிலை வந்தபோது இரண்டு வழி இருந்தது: மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப், அல்லது எண்டோஸ்கோப்பி செய்து வயிற்றில் துளையிட்டு வைக்கும் பெக் டியூப். நாங்கள் ரைல்ஸ் டியூபைத் தேர்ந்தெடுத்தோம். முதல் சில வாரங்களுக்கு என்றால் இன்றும் அதையேதான் சொல்வேன்.

வசதி என்று பார்த்தால் பெக்தான் மேல். முகத்தில் பிளாஸ்திரி இல்லை, தொண்டையில் உறுத்தல் இல்லை, லேசில் கழன்று வராது. ஆனால் 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஃபுட் (FOOD) என்ற ஆய்வு 321 நோயாளிகளிடம் இந்த இரண்டையும் ஒப்பிட்டது. பெக் வைத்தவர்களில் இறந்தவர்களும் மோசமான நிலையில் மிஞ்சியவர்களும் சேர்ந்து 7.8 சதவீதப் புள்ளி அதிகம். அடித்துச் சொல்ல முடியாத வித்தியாசம்தான். ஆனாலும் அவசரமாகப் பெக்குக்கு ஓட அதில் காரணம் இல்லை. தவிர, பலருக்குச் சில வாரங்களிலேயே விழுங்கும் திறன் திரும்பிவிடுகிறது. அப்போது ரைல்ஸ் டியூபை உருவி எடுத்தால் வேலை முடிந்தது.

சரி, அதில் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை: நோயாளியே பிடுங்கிவிடுவார். குழாய் போனால் வேறு போடலாம். போவது அந்த வேளைச் சாப்பாடு. ராத்திரி கழன்றால், மறுபடி போட்டு, குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று அறிய உறிஞ்சி எடுத்த நீரின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5.5க்கு மேல் போகவில்லை என்று பார்த்து, சந்தேகம் என்றால் எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். கேஸ் ஷீட்டில் இருப்பது எழுதிக்கொடுத்த அளவு. உள்ளே போனது எவ்வளவு என்பது வேறு கணக்கு, ஊட்டச்சத்துக் குறைவு தொடங்குவது அங்கேதான். குழாயில் ஊற்றிய ஒவ்வொரு ஃபீடையும், தவறிய வேளையையும் நாங்களே நோட்டில் எழுதினோம். ரவுண்ட்ஸில் அதைக் காட்டிய பிறகுதான் மறுநாள் அளவைக் கூட்டினார்கள். மூக்கு நுனியில் குழாயின் எந்த சென்டிமீட்டர் கோடு நிற்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். ஃபீடுக்கு முன் அந்தக் கோடு நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கான பிளாஸ்திரியை அன்றன்றே மாற்றினால் குழாய் கழல்வது குறையும். அடிக்கடி பிடுங்குகிறவர்களுக்கு மூக்குக்குள் சுற்றிக் கட்டும் நாடா ஒன்று உண்டு, கேட்டுப் பாருங்கள்.

தலையை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்துவதும், ஃபீடுக்குப் பின் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவதும் இரண்டுக்கும் பொது. எச்சில் புரையேறுவதை இரண்டுமே தடுக்காது என்பதால் வாய்ச் சுத்தமும் அப்படியே.

நான்கு வாரம் தாண்டியும் விழுங்க வரவில்லை என்றால் கணக்கு மாறும். அப்போது பெக் நியாயமான தேர்வு. அதை நாள்பட வைத்துப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் பெரிதாகப் பேச மாட்டேன். ஒன்று மட்டும்: அது கழன்றால் துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பிக்கும். புதுத் துளை என்றால் வீட்டில் யாரும் திரும்பச் செருகிப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.